உப்புத் தண்ணீரில் கிடந்த கிழங்கு

எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் நான் உதவியாளன். தலவாக்கலையில் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்குள் நடந்து வரவேண்டிய பள்ளிக்கூடம். சோதனைக் குழாய் கழுவுவது, போத்தல்களுக்குத் தூசு தட்டுவது, பூட்டுவது, திறப்பது, இவ்வளவுதான் வேலை. ஆனால் புத்தக அலுமாரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மனுசன் எத்தனை நாளைக்குத்தான் தூசு மட்டும் தட்டிக்கொண்டிருப்பான்? பிள்ளைகளின் உயிரியல் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் இழையம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன். ஒரே மாதிரியான கலங்கள், உயிரின் சின்னச் சின்ன அறைகள், ஒரே வேலைக்காகக் கூடியிருப்பது. சரிதான், கொழுந்தெடுக்க நிரை பிடித்து நிற்கிற நம்ம பொம்பளைங்க மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். வாசித்தது அது. கண்ணால் பார்த்தது பிறகுதான்.

அப்போது எங்கள் உயர்தர உயிரியல் வகுப்பு இருக்குமா போகுமா என்று ஆட்டம் கண்டிருந்தது. பிள்ளைகள் கொஞ்சம் பேர். செய்முறைப் பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அதிகாரி வருவார், நடக்கவில்லை என்றால் வகுப்பை மூடிப் பிள்ளைகளை ஹட்டனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. டவுன் பிள்ளைக்கு ஹட்டன் ஒரு பஸ் பயணம். தோட்டத்து மேல் டிவிஷன் பிள்ளைக்கு அது படிப்பு நின்றதற்குச் சமம். காலையில் அங்கே பஸ்ஸே ஏறாது.

பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவள் மகளும் அந்த வகுப்பில்தான். "இவ படிப்பு நின்னுச்சுன்னா, அடுத்த மாசமே கொழும்புல வீட்டு வேலைக்குக் கேட்டு ஆளு வந்து நிக்கும்ணே. நான் வேணாம்பேன், அவ அப்பா சரிம்பாரு. அப்புறம் வீட்டுல எனக்கு வாய் எது?" என்பாள். வாய் எது என்று அவள் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். தோட்டத்திலேயே பெரிய வாய் அவளுடையது.

டீச்சர் யாழ்ப்பாணத்து ஆள். அதிகாரி வருகிற அன்றைக்கு உருளைக்கிழங்கின் நீரழுத்தம் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார். கிழங்கின் சதையை ஒரே நீளத் துண்டுகளாக வெட்டி, தண்ணீரிலும், லேசான சீனிக் கரைசலிலும், திக்கான சீனிக் கரைசலிலும் போடுவது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்து அளந்தால் சிலது நீண்டிருக்கும், சிலது குறுகியிருக்கும். நீளாமலும் குறுகாமலும் நிற்கிற கரைசல் எதுவோ, அதுதான் கிழங்கின் கணக்கு. "எல்லாத் துண்டும் ஒரே கிழங்கின்ர உள்சதையில இருந்து வரவேணும். தோல் ஓரம் கூடாது. வேறு வேறு சதையெண்டால் அளவு பொய் சொல்லும்" என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவைத்தார்.

அன்றைக்குக் காலையில் பார்த்தால், துண்டு குடைந்தெடுக்கிற குழாய் எங்களிடம் மழுங்கிப்போய்க் கிடந்தது. குத்தினால் கிழங்கு உடைந்தது. அப்போதுதான் தங்கச்சி, "குடுங்க டீச்சர், நான் கத்தியில அரிஞ்சு தாறேன். என் மக வகுப்புக்கு நான் செய்யாம யாரு செய்வா?" என்று கிழங்கை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு கோப்பை. துண்டுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே தடிப்பு, அளவுகோல் வைத்து வெட்டினதுபோல. ஆனால் தண்ணீருக்குள் கிடந்தன.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "என்ன இது? ஆர் தண்ணிக்குள்ள போட்டது?"

"நான்தாங்க டீச்சர். காத்துப் பட்டா கிழங்கு கோவிச்சுக்கிட்டுக் கறுத்துப் போகும்ல? கொஞ்சம் உப்பும் போட்டேன்."

"உப்புமோ?"

ஒரு துண்டை டீச்சர் தூக்கினார். அது அவர் விரலில் தொங்கியது. நனைந்த கயிறு மாதிரி. அளக்கத் தொடங்கும் முன்பே தண்ணீரெல்லாம் வெளியே போயிருந்தது.

தங்கச்சி டீச்சர் முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள். "மாதாவே, நானே கெடுத்துட்டேனா?" என்று சுவரில் சாய்ந்தாள். மகள், "அம்மா, இது கறி இல்லம்மா" என்று அழுகிற குரலில் சொன்னாள். கிழங்கைக் கையில் எடுத்திருந்தால் நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்திருப்போம்.

நான் கோப்பையை எடுத்துக் கொட்டப் போனேன். "எறியாதேங்கோ. அதுவும் அப்பிடியே இருக்கட்டும். சமையலறையில இன்னொரு பெரிய கிழங்கு கிடக்கோ?" என்று டீச்சர் கேட்டார்.

கிடந்தது. தங்கச்சி இந்த முறை ஆய்வுகூடத்து மேசையிலேயே, டீச்சர் கண் முன்னால், காய்ந்த தட்டில் அரிந்தாள். சளசளவென்று பேசுகிற வாய் அன்றைக்குத்தான் மூடியிருந்தது. பிள்ளைகள் அளந்து அளந்து கரைசல்களில் போட்டு முடிக்கவும், வாசலில் அதிகாரி நிற்கவும் சரியாக இருந்தது.

அவர் கரைசல் குழாய்களைப் பார்க்கவில்லை. நேராக அந்தக் கோப்பைக்குப் போனார். துவண்ட துண்டொன்றை எடுத்து விரலில் மோதிரம்போல வளைத்தார். தங்கச்சியின் மகளைப் பார்த்து, "இது ஏன் இப்படி?" என்றார்.

அந்தப் பிள்ளை கதவடியில் நின்ற அம்மாவை ஒரு தடவை பார்த்தது. பிறகு நிமிர்ந்து, "அம்மா கறிக்குப் போடுற மாதிரி உப்புத் தண்ணியில போட்டுட்டாங்க சேர். வெளிய உப்பு கூடிப்போச்சு, அதனால கலத்துக்குள்ள இருந்த தண்ணி வெளிய வந்துருச்சு" என்றது.

"செத்துப் போச்சா?"

"தெரியல சேர். நல்ல தண்ணியில போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"போட்டுப் பார்."

ஒரு துண்டை அளந்து, எழுதி, நல்ல தண்ணீரில் போட்டாள். காத்திருந்தோம். கதவடியில் தங்கச்சி சிலுவை போட்டுக்கொண்டாள், கிழங்குக்காகவா மகளுக்காகவா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

வெளியே எடுத்தபோது துண்டு விறைத்து நின்றது. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை தொங்கவில்லை. அளவுகோலை வைத்தால், நீண்டிருந்தது. வேரில்லை, இலையில்லை, கத்தியால் வெட்டி எறிந்த சதை. அதற்குள் இன்னும் உயிர் இருந்து, உப்பு வந்தால் விட்டுக்கொடுத்து, தண்ணீர் வந்தால் வாங்கி நிமிர்கிறது. எத்தனை வருஷமாய் இதைத் தின்றுகொண்டிருக்கிறோம்!

அதிகாரி அளவுகோலைத் தானே வாங்கி இன்னொரு தடவை அளந்தார். பிறகு சீனிக் கரைசல் துண்டுகளையும் ஒவ்வொன்றாக அளந்தார்கள். நீண்டவை பூச்சியக் கோட்டுக்கு மேலே, குறுகியவை கீழே. வரைபில் புள்ளிகளைச் சேர்த்தபோது கோடு இறங்கிவந்து நடுவில் ஓரிடத்தில் பூச்சியக் கோட்டை வெட்டியது. "இங்கதான் கிழங்கு போதும்னு சொல்லுது" என்றாள் அந்தப் பிள்ளை. அதிகாரி அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"டீச்சர், வகுப்பு இங்கேயே நடக்கட்டும். நான் எழுதிக்கொடுக்கிறேன்" என்று கிளம்பினார்.

தங்கச்சிக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. மகள்தான் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, ஸ்டூலில் உட்காரவைத்தாள். கிழங்கை மெல்லிசாய்ச் சீவி, மாவுச்சத்தை நீலமாக்கிக் காட்டுகிற அயடீன் சொட்டுவிட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்து, "பாரும்மா" என்றாள்.

தங்கச்சி ஒரு கண்ணை மூடினாள். மறு கண்ணைக் குழாயில் வைத்தாள்.

"ஏ புள்ள, வரிசை வரிசையா நம்ம லயத்து வீடுங்கடி. ஒவ்வொரு காம்பராவுலயும் நீல நீலமா மூட்டை அடுக்கியிருக்கு. ஒரு வீடாவது காலியா இல்லையே!" என்றாள் கண்ணை எடுக்காமலே. "இந்தக் கிழங்குக்குள்ள எல்லாரும் வயிறார இருக்காங்கடி."