அல்பரியில் தின்ற தேசிக்காய்

இந்த நாட்டுக்காரர் வீட்டையே தெருவில் ஓட்டுகிறார்கள். மோட்டர்ஹோம் என்று அதற்குப் பெயர். சாரதிக்குப் பின்னால் கட்டில், பக்கத்தில் காஸ் அடுப்போடு ஒரு குட்டிக் குசினி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. எங்கள் ஊரில் ஒருவன் அடுப்பையும் பாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், "ஐயோ, என்ன நடந்தது?" என்று கேட்போம். இங்கே "ஹொலிடேயா?" என்று கேட்கிறார்கள். எதிரே இன்னொரு மோட்டர்ஹோம் வந்தால் அதன் சாரதி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார். முதல் தடவை, பின்னால் இழுத்துவந்த ட்ரெய்லரில் ஏதோ கழன்றுவிட்டதாக்கும் என்று பதறி, ஹியூம் நெடுஞ்சாலையில் ஓரங்கட்டி இறங்கி ஓடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அது வணக்கமாம்.

வண்டி என்னுடையதல்ல. சிட்னியில் என்னோடு வேலை செய்த ஒரு முதியவர் அதை மெல்பேர்னில் இருந்த மகளுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கும் மெல்பேர்னில் புது வேலை கிடைத்திருந்தது. "நீயே ஓட்டிக்கொண்டு போ, உன் சாமான்களை ட்ரெய்லரில் ஏற்று" என்றார். என் மனைவி மலருக்கு அப்போது ஐந்து மாதம். முந்தைய வருடம் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. பயணம் செய்யலாம் என்று வைத்தியர் சொன்னார், நானும் சொன்னேன். மலர் வாயே திறக்கவில்லை. புறப்படும் காலையில் பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண்மணியிடம் அவருடைய எலுமிச்சை மரத்துப் பெரிய மஞ்சள் தேசிக்காய் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். ஊர்ப் பார்சலில் மிஞ்சிய மூன்று செத்தல் மிளகாயோடு அதைக் கோத்து, ட்ரெய்லரை வண்டியோடு பூட்டும் கொளுக்கியில் கட்டினாள்.

"இதென்ன விசர் வேலை? நான் இஞ்சினியர். அந்தக் கொளுக்கியை நானே முறுக்கிப் பூட்டினனான்" என்றேன்.

"கொளுக்கிக்கு நீங்கள் காவல். இது பிள்ளைக்கு. இது இல்லாட்டி நான் ஏறமாட்டன்."

கோல்பேர்ன், யாஸ், கண்டகாய் என்று ஊர்கள் கழிந்தன. இடையில் வெறும் புல்வெளி, செம்மறி ஆடு, மறுபடி புல்வெளி. இறங்கி ஒரு பிளேன்ரீ குடிக்க ஒரு கடை கிடையாது. தேநீர் வேண்டுமென்றால் நம் குசினிக்குள் நாமே எழுந்துபோய்ப் போட வேண்டும். பெரிய லொறி ஒன்று முந்திப் போகும்போதெல்லாம் ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆடியது. மலர் ஒரு கையால் கதவையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டாள். நான் காணாதவன்போல் ஓட்டினேன். எனக்கும் பயம்தான்.

பின்னேரம், அல்பரிக்கு அருகே, வாகனங்கள் எல்லாம் வரிசையாக ஓரத்தில் நின்றன. ஆட்கள் இறங்கிக் கையில் பழங்களோடு ஒரு தகரக் கொட்டிலை நோக்கி நடந்தார்கள். மலர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, முறிகண்டி மாதிரியெல்லே கிடக்கு!"

அன்று முழுவதும் அவள் சிரித்தது அப்போதுதான். கண்டி வீதியால் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். லொறிக்காரர் முதல் அரசாங்க உத்தியோகத்தர் வரை இறங்கித் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, ஒரு சரை கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். நான் மட்டும் பஸ்ஸிலேயே இருந்து புத்தகம் படிப்பேன். சாமி இல்லை என்கிறவனுக்குக் கச்சானும் இல்லை என்று சிநேகிதர்கள் சீண்டுவார்கள். பிறகு தருவார்கள். கூச்சமில்லாமல் தின்றிருக்கிறேன்.

இங்கே பிள்ளையார் இல்லை. பழ ஈ மாநில எல்லையைத் தாண்டாமல் பார்க்கும் சோதனைச் சாவடி அது. அரைக் காற்சட்டையும் முழங்கால்வரை கால்மேசும் போட்ட அதிகாரி ஒருவர் ஜன்னலருகே வந்தார்.

"பழம் ஏதும் இருக்கா, மேட்?"

"ஒன்றுமில்லை" என்றேன், முழு நேர்மையோடு.

அவர் பின்னால் சுற்றிப் போனார். சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். கொளுக்கியைக் காட்டி, "அப்போ இது?" என்றார்.

சத்தியமாக அதுவரை அதைப் பழம் என்று நான் நினைக்கவேயில்லை. எங்கள் ஆட்கள் யாரும் நினைக்கமாட்டார்கள். கட்டிவிட்ட பிறகு அது தேசிக்காயா என்ன, காவல்காரன் அல்லவா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், வண்டிக்கு ஆபத்து வராமலிருக்க என்று விளக்கினேன்.

"ஓ, இன்சூரன்ஸா?"

"அப்படித்தான்."

"இந்த இன்சூரன்ஸ் விக்டோரியாவில் செல்லாது, மேட். அந்தத் தொட்டியில் போடு. இல்லையென்றால் எல்லோரையும்போல இங்கேயே நின்று சாப்பிடு. மிளகாயை வைத்துக்கொள்."

மலர் இறங்கி வந்துவிட்டாள். தொட்டிக்குள் அழுகிய திராட்சையும் ஆப்பிளும் கிடந்தன.

"குப்பைக்குள்ளை போடாதேங்கோ. போன முறையும் நான் ஒண்டும் செய்யேல்லை. நேத்திக்கடன் வைக்கிறன் எண்டு கேட்டனான். உங்கடை பேச்சைக் கேட்டுத்தான் சும்மா இருந்தனான்."

ஒரு வருடமாக அவள் இதைச் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். நூலை அறுத்தேன். தேசிக்காயைத் தோலோடு கடித்தேன்.

"ஐயோ, அதைத் தின்னக் கூடாதப்பா! கண்ணூறெல்லாம் அதுக்குள்ளை!"

"தெரியும்" என்றேன்.

தோல், சதை, விதை எல்லாம் தின்றேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சீனி ஏதும் வேணுமா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். கடைசித் துண்டை விழுங்கும்போது அவள் சொன்னதை நானும் நம்பினேன். வருவது எதுவாயிருந்தாலும் பிள்ளையை விட்டுவிட்டு எனக்கு வரட்டும் என்று, யாரிடம் கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்டேன்.

முறே ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது மலர் என் பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் என் தலையைச் சுற்றி வழித்துத் தன் நெற்றிப் பொட்டுகளில் வைத்து நெட்டி முறித்தாள். விரல்கள் படபடவென்று முறிந்தன. நான் விழுங்கியதை அவள் தன்மேல் எடுத்துக்கொள்கிறாள்.

"என்ன செய்யிறீர்?"

"நீங்கள் றோட்டைப் பாருங்கோ."

ஆடி மாதத்தில் மெல்பேர்னில் மகள் பிறந்தாள். சுகமாகப் பிறந்தாள். தாதி வெளியே வந்து சொன்னதும் என் வாயில் முதலில் வந்தது, "எத்தனை மணிக்கு?" என்பதுதான். "ஒரு மணி போல" என்றார். "சரியாக எத்தனை நிமிடம்?" என்றேன். "ஏன், ரயில் பிடிக்க வேண்டுமா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பார்த்து வந்தார். ஒரு மணி ஏழு நிமிடம், செவ்வாய்க்கிழமை. சாதகத்தைக் கேலி செய்து திரிந்த நான், அன்றே அதை ஊரிலிருந்த மாமாவுக்கு எழுதித் தபாலில் போட்டேன். ஒரு மாதம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து சாதகக் குறிப்பு எழுதி வந்தது. எங்களுக்குப் பின்னிரவான அந்த நேரத்தில் அங்கே முதல்நாள் இரவு எட்டரைதானாம், பிள்ளை பிறந்தது திங்கட்கிழமையாம். பிள்ளை என்ன கிழமை பிறந்தது என்று யாராவது கேட்டால் மலர் திங்கள் என்கிறாள், நான் செவ்வாய் என்கிறேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.