அஸ்முஸ் எடுத்த ஒரே துண்டு

மேசையின் அந்தக் கோடியில் முதல் தட்டு கிளம்பியபோதே அஸ்முஸ் லோரென்சன் நாற்காலியில் நெளியத் தொடங்கிவிட்டார். பொத்தில்லாவுக்கு எழுபது வயது நிறைகிறது என்று ஊர்க் கூடத்தில் காபி விருந்து. டென்மார்க்கின் தென் யுட்லாந்தில் காபி விருந்து என்றால் காபி வெறும் சாக்கு. வீட்டுக்கு ஒன்றாகப் பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த கேக்கும் பிஸ்கட்டும் கைக்குக் கை மாறி வரும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுத்தாக வேண்டும். எடுக்காதவனுக்கு வயிற்றில் கோளாறு, இல்லாவிட்டால் மனசில் கோளாறு என்று அர்த்தம்.

அஸ்முஸுக்குக் கோளாறு இரத்தத்தில். சர்க்கரை. குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி என்று ஆகிவிட்டால் பஸ் ஓட்டும் உரிமத்தையும் மறுபடி பரிசீலிப்பார்களாம். மனிதர் இருபது வருடத்துக்கும் மேலாகப் பள்ளிப் பஸ் ஓட்டுகிறார். அதற்கு முன்னால் பன்றிப் பண்ணை, மீன் லாரி, செங்கல் சூளை என்று எதிலும் ஒரு வருடம் ஒட்டவில்லை. ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத பிறவிக்கு, உட்கார்ந்தபடியே நகர்ந்துகொண்டிருக்கும் வேலை கிடைத்த பிறகுதான் வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது. எந்த வளைவில் எந்தப் பிள்ளைக்குக் குமட்டும் என்பது வரை அவருக்கு அத்துப்படி. அந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டால் தான் என்ன ஆவோம் என்று நினைக்கவே அவருக்குப் பயம். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி மெத்தாவிடம்கூட மூச்சு விடவில்லை. அவளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அப்புறம் பிள்ளையை அவர் பஸ்ஸில் எவள் ஏற்றுவாள்?

உணவு ஆலோசகப் பெண் ஒருத்தி அவருக்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். "விருந்துக்குப் போறதுக்கு முன்னாடி வீட்ல கொஞ்சம் சாப்பிட்டுடுங்க. அங்க போய் உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு எடுங்க. மத்ததை விட்டுடுங்க." நல்ல பெண், கோபன்ஹேகன்காரி. இந்த ஊர் மேசையில் ஒவ்வொரு கேக்குக்கும் ஒரு சொந்தக்காரி எதிரே உட்கார்ந்திருப்பாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

பன் வந்தது, அஸ்முஸ் அடுத்த கைக்குத் தள்ளினார். பாதாம் வளையம் வந்தது, தள்ளினார்.

"என்ன அஸ்முஸ், உடம்புக்கு முடியலையா?" என்றாள் பொத்தில்லா.

"வீட்லயே சாப்பிட்டுட்டேன். வயிறு ரொம்பிருக்கு."

"காபி மேசைக்கு வயித்த ரொப்பிக்கிட்டு வர்ற ஆம்பளைய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

மேசை சிரித்தது. அடுத்து மெத்தா கறுப்பு ரை ரொட்டியைப் பொடித்துச் செய்த கேக் வந்தது, அடுக்கடுக்காகக் க்ரீமும் கருந்திராட்சை ஜாமும். எதிரில் இருந்த மெத்தா பார்த்துக்கொண்டே இருக்க, அவர் அதையும் தள்ளிவிட்டார். பிறகு ரிக்கேயின் ஆப்பிள் கேக் வந்தது. ரிக்கே போன வருடம் ஊருக்குக் குடிவந்த இளம் தாய். அதில் க்ரீம் இல்லை, பழம்தானே என்று அஸ்முஸ் ஒரு துண்டு எடுத்துத் தட்டில் வைத்தார்.

எல்லார் கண்ணும் அந்தத் துண்டின் மேல் விழுந்தது. ஒன்றுமே எடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார். ஒன்றை மட்டும் எடுத்ததில், மற்ற அத்தனை பேரின் முகத்திலும் கரியைப் பூசிவிட்டார்.

"முப்பது வருஷமா என் கேக்கைத் தின்னியே, அதெல்லாம் நடிப்பா?" என்றாள் மெத்தா. குரலை உயர்த்தவில்லை, அதுதான் மோசம்.

"நடிப்பில்ல மெத்தா. அதுல க்ரீம் இருக்கு."

"க்ரீம் உனக்கு எப்பலேருந்து ஆகாமப் போச்சு?"

அஸ்முஸ் கரண்டியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். மெத்தா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"நான் வீட்டுக்குப் போறேன். நீ இருந்து ஆப்பிள் கேக் தின்னுட்டு வா."

"எனக்கு சர்க்கரை," என்றார் அஸ்முஸ்.

மெத்தா நின்ற இடத்திலேயே நின்றாள். "எப்பலேருந்து?"

"ஏப்ரல்."

"இது செப்டம்பர், அஸ்முஸ்."

"என் புள்ளைங்க ரெண்டும் உங்க பஸ்லதானே வருது," என்றது இன்னொரு குரல். ரிக்கே.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் அவர். ரிக்கே மேசையைச் சுற்றிக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள். அவர் தட்டிலிருந்து ஆப்பிள் கேக்கைத் தூக்கினாள்.

"பழம்னு நெனச்சு எடுத்தீங்களா? இதுல கால் கிலோ சர்க்கரை போட்ருக்கேன். இதைத் தின்னு நீங்க படுத்துட்டா என் புள்ளைங்களை யாரு கூட்டிட்டுப் போவா? ஒழுங்கா இருங்க, நீங்கதான் ஓட்டணும்."

அதற்குப் பிறகு ஒரு தட்டும் அவரிடம் நிற்கவில்லை. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு அவரைத் தாண்டியே போயின. பொத்தில்லா வந்து, சர்க்கரை போட்டிருக்கிறாரா என்று அவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தன்னைப் பார்ப்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது. மெத்தா மறுபடி உட்கார்ந்துவிட்டாள், ஆனால் அவர் பக்கம் திரும்பவில்லை. ஐந்து மாதம் தன்னிடம் மறைத்தது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

கடைசியில் அஸ்முஸ் மேசைமேல் மெத்தா பக்கமாகக் குனிந்தார்.

"மெத்தா, உன் கேக்ல ஒரு வாய் குடேன். அதைத்தான் மனசு கேக்குது."

இத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. கேட்பதற்கு முன்பே தட்டில் விழுந்துவிடும். மெத்தா தன் கேக்கை அருகில் இழுத்து ஒரு துண்டு வெட்டினாள், மெதுவாகத் தானே தின்றாள்.

"நல்லா வந்திருக்கு," என்றாள். கண் கலங்கியிருந்தது. "உனக்குக் கெடையாது."