பாட்டுக்கு முறை வைத்தவள்

சத்தியபாமாவுக்குப் பாடத் தெரியாது. சும்மா முணுமுணுத்தாலே சுருதி விலகிவிடும். அப்படிப்பட்டவள்தான் கண்டியில் ஒரு புடைவைக்கடையின் பதினோராயிரம் பாட்டுகளில் எதற்குப் பின் எது வரவேண்டும் என்று தீர்மானித்தாள்.

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு 2007 கடைசியில் திரும்பி, கட்டுகஸ்தோட்டையில் ஒரு பெண்கள் போர்டிங்கில் இடம் பிடித்தபோது பக்கத்துக் கட்டில் அவளுடையது. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண். முஹ்ஸின் முதலாளியின் கடையில் பில் போடும் கணினி அவள் பொறுப்பு. பில் நிரலில் வந்த பிழைகளைத் திருத்தித் திருத்தி, தானே நிரல் எழுதவும் பழகியிருந்தாள்.

கடையில் பாட்டும் அந்தக் கணினியிலிருந்துதான் போகும். முதலில் விற்பனைப் பெண்கள் ஆளுக்கொரு சீடி கொண்டுவந்தார்கள். மல்காந்திக்குச் சிங்களப் பாட்டு, றம்ஸியாவுக்கு ஹிந்தி, மற்றவர்களுக்குத் தமிழ். யாருடைய முறை என்று தினமும் சண்டை. பொறுக்கமுடியாமல் பாமா எல்லாவற்றையும் ஒன்றாகக் கணினியில் கொட்டினாள். முதலாளியின் மகன் டுபாயிலிருந்து கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கும் அதில் சேர்ந்தது. சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் கணினியே அடுத்த பாட்டை எடுக்கும்படி ஒரு நிரல் எழுதினாள்.

சண்டை நிற்கவில்லை.

“காலையிலேர்ந்து எண்ணுறேன் நங்கி, சிங்களம் நாலுதான் வந்திச்சி. உங்க கம்பியூட்டரும் தோட்டத்து ஆளா?” என்றாள், பாமாவைச் சிங்களத்தில் தங்கை என்று கூப்பிடும் மல்காந்தி.

“அதுக்கு ஒரு பாஷையும் தெரியாது அக்கா. கண்ண மூடிக்கிட்டு எடுக்குது.”

“கண்ண மூடினா எப்பிடி என்ட ஹிந்திப் பாட்ட மட்டும் கண்டு ஒதுங்குது?” என்றாள் றம்ஸியா.

குலுக்கினால் ஒரே மாதிரிச் சீட்டு அடுத்தடுத்தும் வரும் என்பது பாமாவுக்குத் தெரியும். ஆனால் போர் நடந்த அந்த வருடங்களில் எதுவும் தற்செயலாக நடக்கும் என்று நம்ப யாரும் தயாராக இல்லை.

எங்கோ பஸ்ஸில் குண்டு வெடித்ததாகச் செய்தி வந்த ஒரு மார்ச் மாதக் காலை, கணினி ஐந்து தமிழ்ப் பாட்டுகளை வரிசையாக எடுத்தது. ஐந்தாவது ஓடும்போது துணி எடுக்க வந்த ஒருவர் கையிலிருந்த சாரியை மேசையில் போட்டார். “இது கண்டியா, யாழ்ப்பாணமா?” என்று சிங்களத்தில் உரக்கக் கேட்டுவிட்டு வெளியேறினார். கடையில் ஒருவரும் நிமிரவில்லை.

முதலாளி பில் மேசைக்கு வந்தார்.

“மகள், தமிழ்ப் பாட்டு முழுக்க எடுத்துப்போடுங்க.”

“மொதலாளி, அது வந்து…”

“எண்பத்திமூணு கலவரத்துல பக்கத்துக் கட எரிஞ்சத இந்தக் கண்ணால பாத்தவன் நான். நம்மட கடைக்கு முன்னுக்கு முழுக்கக் கண்ணாடி. எனக்கு ஏலா.”

துணி எடுக்க வரும் தோட்டத்துச் சனம் டவுனில் தங்கள் பாட்டைக் கேட்கும் இடம் அந்தக் கடை ஒன்றுதான் என்று பாமா அடிக்கடி சொல்லுவாள். அதைத் தன் கையாலேயே அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு வாரத் தவணை கேட்டாள்.

“ஒண்டு அவங்கட, ஒண்டு நம்மட, அப்பிடியா போடப்போறீங்க?” என்றார் முதலாளி.

“இல்லங்க. அப்பிடிப் போட்டா எண்ணிக்கிட்டே இருப்பாங்க.”

அந்த ஞாயிறு கடைக் கணினியைப் போர்டிங்குக்குக் கொண்டுவந்து, பதினோராயிரத்தில் கடைக்குப் பொருந்தும் அறுநூறு பாட்டுகளைப் பொறுக்கி, பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டோம். நான் தாளத்துக்கு விசையைத் தட்டுவேன். நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று நிரல் குறித்துக்கொள்ளும். மத்தியானம்போல் அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் மாட்டினாள்.

“கேளுங்க. இது மல்காந்தி அக்கா பாட்டு. இது றம்ஸியா பாட்டு. இது எங்க பாட்டு. மூணும் ஒரே மெட்டு! இதுக்கா அடிச்சிக்கிட்டாளுக?”

ஒரே ஹிந்தி மெட்டை இரண்டு பக்கத்தாரும் எடுத்து அவரவர் மொழியில் பாடியிருந்தார்கள். தேடத் தேட அப்படி நிறைய வந்தன. கொண்டாட்டங்களில் ஆடிப்பாடும் பைலாத் தாளமோ எல்லாருக்கும் பொது. ஒரே மெட்டுக்காரப் பாட்டுகளுக்கு ஒரே இலக்கம் கொடுத்தாள். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுக்கு மெட்டிலும் வேகத்திலும் கிட்டியதையே நிரல் அடுத்ததாக எடுக்கும். ஒன்றின் முடிவு தேயும்போதே மற்றது நுழையும். ஒரே மொழி மூன்று தடவை தொடர மட்டும் விடவில்லை.

சித்திரைப் புதுவருடக் கூட்டம் தொடங்கிய சனிக்கிழமை நானும் கடைக்குப் போனேன். நிற்க இடமில்லை. முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒலிபெருக்கியின் கீழே ஒரு மணித்தியாலம் நின்றார். பிறகு மல்காந்தியைக் கேட்டார்.

“இப்ப முடிஞ்ச பாட்டு என்ன பாஷை?”

“தெரியாது மொதலாளி. நீங்க கேட்டதுல துணி அளந்த கணக்கும் போச்சு.”

முதலாளி சிரித்துவிட்டார். “சரி மகள், இருக்கட்டும். ஆனா குண்டு அது இதெண்டு செய்தி வந்தா, அண்டைக்குத் தமிழ் நிக்கணும்.”

பாமா பில் போடுவதை நிறுத்தினாள். வரிசையில் பத்துப்பேர் காத்திருந்தார்கள்.

“தமிழ மட்டும் நிறுத்துறதுன்னா என்னால ஏலாதுங்க. நிறுத்துனா எல்லாத்தையும் நிறுத்துங்க.”

“ஹிந்தியுமா?” என்று பதறினாள் றம்ஸியா.

“ஹிந்தியுந்தான்.”

முதலாளி வரிசையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். “சரி. எல்லாம்.”

அடுத்த ஒரு வருடத்தில் அப்படிப் பல நாட்கள் வந்தன. செய்தி வந்ததும் பாமா ஒரு விசையை அழுத்துவாள். கத்தரி துணியில் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். மல்காந்தியும் றம்ஸியாவும் அரை நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். பிறகு இரண்டுபேருமாக முதலாளியிடம் போய், பாட்டைப் போடச் சொல்லுங்கள் என்று நிற்பார்கள். தமிழ்ப் பாட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்டாகவேண்டும். வேறு வழி எதையும் பாமா அவர்களுக்கு விட்டுவைக்கவில்லை.