நிற்கிறவர்களுக்கு ஒரு பிடி உப்பு

அந்த ஹோட்டலில் அவளை எல்லோரும் ‘நாலாவது மாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடங்களாக நாலாவது மாடியின் பதினான்கு அறைகளையும் பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்றி, குளியல் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி வந்தவள். “நாலாவது மாடி சாப்பிட்டாச்சா?” என்று யாராவது கேட்டால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் மட்டும் ஒரு கணம் திருதிருவென்று முழிப்பார்கள்.

வீடு இரண்டு அறை. முன்னறையில் கணவரின் தையல் மெஷின். பின்னறையில் அவளும், கணவரின் அக்காவும், மூன்று இரும்புப் பெட்டிகளும். நாத்தனார் தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். கை ஓய்ந்தாலும் நாக்கு ஓயவில்லை. யாரைப் பார்த்தாலும் ‘டொக்’கென்று ஒரு முத்திரை விழும்.

நாற்பத்தெட்டு வயதில் அவளுக்குப் பெரிய பிரச்சினை என்றால் பாதங்கள்தான். காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை உட்காராத வேலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் இரண்டு பாதமும் சூளையிலிருந்து எடுத்த செங்கல் மாதிரி கொதிக்கும். குதிகாலில் வெடிப்பு வேறு.

ஒருநாள் நெடுந்தூர ஓட்டப் பந்தயத்துக்கு வந்து தங்கியிருந்த ஒரு பெண் அறையைக் காலி செய்துவிட்டுப் போனாள். குளியலறை மேடையில் பாதி காலியான ஒரு கண்ணாடிச் சாடி. அதன் கீழே ஒரு துண்டுச் சீட்டு: ‘அறை சுத்தம் செய்பவருக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு பிடி போட்டு, காலை வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள்.’ விதிப்படி சாடியைச் சூப்பர்வைசர் அம்மாவிடம் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

வாளித் தண்ணீரில் அந்த உப்பைப் போட்டுக் காலை வைத்ததும் அவளுக்குச் சுகத்தில் கண் பாதி மூடிக்கொண்டது. வேலை வலியை மறப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி தூக்கம்தான். விழித்துக்கொண்டே வலி இறங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் சாடி தீர்ந்தது. “உப்புதானே, நாமே செஞ்சுக்கலாம்” என்று சமையலறை உப்பை அள்ளிப் போட்டு, கணவர் சவரம் செய்தபின் தடவும் வாசனைத் தண்ணீரையும் கொஞ்சம் ஊற்றினாள். வெடிப்பில் உப்பு ஏறியதும் “ஐயோ!” என்று துள்ளினாள். வாளி கவிழ்ந்து, தைக்க வைத்திருந்த துணியெல்லாம் நனைந்தது.

“காலை ஊற வைக்கிறியா, ஊறுகா போடுறியா?” என்றார் கணவர்.

மறுநாள் காலிச் சாடியை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அதில் ஒட்டியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

“இது எப்சம் உப்பும்மா. நம்ம பேதி உப்புதான்.”

“அப்படின்னா ரெண்டு கிலோ குடுங்க.”

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “வீட்ல எத்தனை பேருக்கும்மா கஷ்டம்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “வயித்துக்கு இல்லைங்க, காலுக்கு!”

“காலுக்கு எங்கேம்மா பேதி போகுது?”

கடைசியில் அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே விஷயத்தைச் சொல்ல, அவர் உப்பை நிறுத்துக் கொடுத்ததோடு, “வாசனை எண்ணெயை நேரா தண்ணியில விடாதீங்க. மேலயே மிதந்து தோலைப் பொசுக்கிடும். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில கலந்துட்டு அப்புறமா உப்புல பிசறுங்க” என்றும் சொன்னார்.

அடுத்த முறை அழகுக்காகப் பச்சைச் சாயம் கரைத்து விட்டாள். ஈரம் பட்ட உப்பு விடிவதற்குள் கருங்கல்லாக இறுகிவிட்டது. சுத்தியலால் உடைத்து எடுத்த துண்டை, “முதல்ல நீங்க பாருங்க அண்ணி” என்று மரியாதையாக நாத்தனாருக்குக் கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்து அவர் வாளியிலிருந்து காலை எடுத்தபோது கணுக்கால் வரை பச்சை.

“என்னை வெட்டுக்கிளி ஆக்கிட்டியேடி!” என்று நாத்தனார் அலறினார். மூன்று நாள் வெயிலில் காலுறை போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒதுங்கிப் போகவில்லை, உள்ளே நுழைந்துவிட்டார். “அளவு இல்லாம செஞ்சா இப்படித்தான். எழுதி வெச்சுக்கோ” என்று தம்பியின் பழைய அளவு நோட்டை எடுத்துக் கொடுத்தார். சட்டைக் கழுத்து, தோள் என்று எழுதியிருந்த பக்கங்களின் பின்புறம் ஏறின புது அளவுகள்: பேதி உப்பு மூன்று கிண்ணம், கல்லுப்பு ஒன்று, சமையல் சோடா அரை. பழச்சாறுக் கடையில் தூக்கிப் போடும் ஆரஞ்சுத் தோலை வாங்கி வந்து, மொட்டை மாடியில் கையால் ஒடித்தால் ஒடியும் வரை காய வைத்துப் பொடித்தார்கள். வாசனை எண்ணெய் ஒவ்வொன்றையும் நாத்தனார் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். “இது தரை துடைக்கிற வாசனை.” “இது தலைவலி.” எலுமிச்சம்புல் எண்ணெய்க்கு வந்தபோது இன்னொரு முறை மோந்து பார்த்துவிட்டு, “பரவாயில்லை” என்றார். அந்த வாயிலிருந்து ‘பரவாயில்லை’ என்றால் அது முதல் பரிசு.

தட்டில் பரப்பி ஒருநாள் முழுக்க உலர்த்திய அந்த உப்பு இறுகவும் இல்லை, எரியவும் இல்லை. கணவர் வெட்டுத் துணியில் சுருக்குப் பை தைத்துத் தந்தார். அவள் ஹோட்டல் சலவை அறைக்கு எடுத்துப் போனாள். அங்கே எட்டுப் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போடுபவர்கள். ஒரு வாரத்தில் எட்டுப் பேரும் அவளைக் கண்டால் வழி விடாமல் மறித்தார்கள். “நாலாவது மாடி, எனக்குத் தீர்ந்துடுச்சு!”

இப்படி மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று.

அந்தச் சமயத்தில் ஹோட்டல்காரர்களே பெரிய அறைகளில் குளியல் உப்புச் சீசாக்கள் வைக்க ஆரம்பித்தார்கள். அதுவும் எலுமிச்சம்புல் வாசனைதான். ஒரு வாரத்தில் ஐந்து சீசாக்கள் காணாமல் போயின. அதற்கடுத்த நாள், வேலைக்கு நுழையும்போது வாசலில் காவலர் அவள் பையைத் திறந்தார். உள்ளே சலவை அறைப் பெண்களுக்கான ஆறு சுருக்குப் பைகள். வாசனை காற்றில் பரவியது.

சூப்பர்வைசர் அம்மா வந்தார். “இது என்ன?”

“வீட்ல செஞ்சதும்மா.”

“வீட்ல செஞ்சதா? ஹோட்டல் உப்பு வாசனை உன் வீட்டுக்கு எப்படி வந்துச்சு? சீசாவுல இருந்ததைப் பையில மாத்தி இங்கேயே குடுக்கிறியா?”

“இல்லம்மா, நான் இதை முன்னாடியே...”

“நாளைக்குப் பத்து மணிக்கு மேனேஜர்கிட்ட வந்து சொல்லு. இன்னிக்கு வீட்டுக்குப் போ.”

காவலரின் பதிவேட்டில், அவள் கண் முன்னாலேயே, சூப்பர்வைசர் அம்மா ‘ஹோட்டல் பொருள் கைப்பற்றப்பட்டது’ என்று எழுதினார். பத்தொன்பது வருடத்தில் அறைகளில் கிடந்த மோதிரம், கைக்கடிகாரம், பல் செட்டு எல்லாவற்றையும் கொண்டு வந்து அதே வாசலில் ஒப்படைத்தவள் அவள். வீட்டுக்கு வந்தாள். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் கணவர் மெஷினை நிறுத்திவிட்டார். “போதும், அந்த வேலையே வேணாம். விட்டுடு. நான் பாத்துக்கறேன்.”

“இப்போ விட்டா, நான் எடுத்தேன்னு ஆயிடும்ல?”

நாத்தனார்தான் எழுந்தார். “அந்தத் துணியை விடு. தட்டு, கிண்ணம், உப்பு, எண்ணெய் எல்லாத்தையும் மூட்டை கட்டு. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. செஞ்சு காட்டு. நானும் வரேன்.”

மறுநாள் பத்து மணிக்கு மேனேஜரின் கண்ணாடி மேசை மேல் அவள் செய்தித்தாளை விரித்தாள். இறுக்கமான கோட்டு போட்ட இளைஞர் அவர். என்ன நடக்கிறது என்று புரியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கதவருகே சூப்பர்வைசர் அம்மா. நாத்தனார் தட்டை நீட்டினார். முதல் கிண்ணம் உப்பை அவள் கொட்டும்போது பாதி மேசையில் சிந்தியது. இரண்டாவது கிண்ணம் சிந்தாமல் தட்டில் விழுந்தது. மூன்றாவதில் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“கை ஈரமா இருக்கக் கூடாது சார், கட்டி பிடிச்சிரும். சோடாவைச் சலிச்சுப் போடணும். எண்ணெய் இவ்வளவுதான், அதிகமானா எரியும்.”

“இந்தப் புள்ளி புள்ளியா இருக்கிறது என்ன?” என்றார் மேனேஜர்.

“ஆரஞ்சுத் தோல் சார். வெயில்ல காய வெச்சது.”

மேனேஜர் தன்னையும் அறியாமல் முன்னால் சாய்ந்திருந்தார். இரண்டு டம்ளரில் வெந்நீர் வந்தது. ஒன்றில் ஹோட்டல் உப்பு, ஒன்றில் வாசலில் பிடித்து வைத்திருந்த பையிலிருந்து ஒரு பிடி. ஹோட்டல் உப்பு நீல நிறத்தில் சுத்தமாகக் கரைந்தது. இன்னொரு டம்ளரில் ஆரஞ்சுத் தோல் துகள்கள் மெதுவாகச் சுற்றின. அதற்குள் செய்தி கேட்டுச் சலவை அறையிலிருந்து மூன்று பேர் தங்கள் பைகளோடு வந்துவிட்டார்கள். “மூணு மாசமா இதுலதான் சார் காலை வைக்கிறோம். உங்க சீசா வந்தே பத்து நாள்தானே ஆச்சு?” என்று ஒருத்தி கேட்டாள்.

“சரி சரி, புரிஞ்சிடுச்சு. போய் வேலையைப் பாருங்க” என்றார் மேனேஜர்.

அவள் நகரவில்லை. மேலிடத்தில் குரல் உயர்த்தியே பழகாதவள், அன்றும் உயர்த்தவில்லை.

“பதிவேட்டில எழுதியிருக்கு சார். அதை அடிச்சிட்டு, பக்கத்துல நீங்க கையெழுத்துப் போடணும்.”

மேனேஜர் சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்தார். பதிவேடு வந்தது. அந்த வரியைச் சூப்பர்வைசர் அம்மாவே அடித்தார். மேனேஜர், ‘தவறான பதிவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். நாத்தனார் குனிந்து ஒருமுறை படித்துப் பார்த்து, “தேதி போடலையே” என்றார். தேதியும் போட்டார்கள். அந்த ஐந்து சீசாக்கள் எங்கே போயின என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது.

பத்து நாள் கழித்து லிஃப்டில் அவளும் சூப்பர்வைசர் அம்மாவும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். இரண்டாவது மாடி தாண்டியதும் அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “அன்னிக்கு நான் கொஞ்சம் விசாரிச்சிருக்கணும்.” மூன்றாவது மாடியில், “எனக்கு அதுல ஒரு பை கிடைக்குமா? குதிகால் வலி உயிரை எடுக்குது” என்றார்.

அவளுக்குள் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் குதிகால் வலி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“நாளைக்குக் கொண்டு வரேன்மா. வாசல்ல மட்டும் சொல்லி வெச்சிடுங்க.”

சூப்பர்வைசர் அம்மா சிரித்ததை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

இரண்டு வருடம் கழித்து முழங்கால் மக்கர் செய்ததும், யாரும் சொல்லாமல் அவளாகவே வேலையை விட்டாள். இப்போது பின்னறையில் பெட்டிகள் இருந்த இடத்தில் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. வாங்க வருபவர்கள் செவிலியர்கள், ரொட்டிக் கடைக்காரர்கள், போக்குவரத்துக் காவலர்கள், வகுப்பில் நின்றே பாடம் நடத்தும் ஆசிரியைகள். பையில் என்ன பெயர் எழுதுவது என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் நாத்தனார் கட்டைப் பேனாவால் ‘நிற்கிறவர்களுக்கு’ என்று எழுதி முடித்து வைத்தார்.

போன மாதம் செவிலியர் விடுதியிலிருந்து அழைப்பு வந்தது: விற்க வேண்டாம், செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று. போய்ப் பார்த்தால் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது பேர், பாதி பேர் பணி முடிந்த களைப்போடு, செருப்பைச் சுவரோரம் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை. நாத்தனார் முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“முதல்ல எல்லாரும் உக்காருங்க. யாரும் நிக்கக் கூடாது” என்றாள்.