பாட்டு எந்த டேப்பில் இருந்து வருது?

சாம்பிராணி, சாமந்திப் பூ, வியர்வை, சூடாக வெளியே வரும் ஜெராக்ஸ் பேப்பர்... இந்த நாலும் கலந்த ஒரு வாசனை. ஆடிக் கிருத்திகை அன்று எங்கள் திருத்தணி பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரின் வாசனை அது.

பி.எஸ்சி. முடித்திருந்தேன். சென்னையில் ஒரு கல்லூரிக்கு எம்.எஸ்சி. விண்ணப்பம் ஆன்லைனில் போட வேண்டும். அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை. விட்டால் ஒரு வருஷம் வீட்டில்தான்.

யாராவது கடைசி நாள் வரை வைத்திருப்பார்களா என்று கேட்காதீர்கள். தப்பாக நிரப்பிவிடுவேனோ என்று பயந்து பயந்தே நாலு நாள் தள்ளிப்போட்டவள் நான்.

கிருத்திகைக்கு பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பள்ளிப்பட்டு பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து வந்து இறங்கி, காவடிக் கூட்டத்தோடு நடந்து, சென்டரில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது... மார்க்‌ஷீட் ஃபைல் வீட்டிலேயே இருக்கிறது. போய் எடுத்துவர நேரமில்லை. வீட்டில் இருந்த அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, போன் போட்டேன். அவர் படிக்க வேண்டியது, நான் டைப் அடிக்க வேண்டியது.

ஆனால் அந்தப் பாட்டு...

முருகன் பாட்டு. ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. நைனா சொல்வது ஒன்றும் காதில் விழவில்லை. சென்டர் நடத்திய ரவி அண்ணாவிடம் போய் முறையிட்டேன்.

"சாமி பாட்ட நான் எப்டிம்மா நிறுத்தறது? மலைக்குப் போயி சொல்லிட்டு வரட்டா?"

கேலி செய்தாலும், பாவம், எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். உள்ளே வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம், பாட்டு கொஞ்சமும் குறையவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் நைனாவை மூன்று முறை கத்தவைத்து, பாதி மார்க் வரை வந்துவிட்டேன்.

அப்போது வெளியே மலைக்கோயில் மைக்கில் ஓர் அறிவிப்பு. மஞ்சள் சட்டை போட்ட குழந்தை ஒன்று அழுதுகொண்டு நிற்கிறது, அம்மா உடனே வரவும் என்று.

அறிவிப்பு வந்தால் பாட்டை நிறுத்திவிட்டுத்தான் சொல்வார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்று மைக் பேசுகிறது... பாட்டும் பாடிக்கொண்டே இருக்கிறது.

மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஸ்பீக்கர் பெட்டி. இவ்வளவு நேரம் நான் மலையைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு வந்தது என் கம்ப்யூட்டரில் இருந்து.

எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் பிரவுசரில் திறந்துவிட்டுப் போன டேப்கள் ஒரு பதினைந்து இருக்கும். எதில் பாட்டு? சொல்ல எந்த அடையாளமும் அப்போது கிடையாது. பெயரைப் படிக்கவும் இடமில்லாமல் நெருக்கியடித்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் படம் மட்டும். படம் வைக்காத தளம் என்றால் வெறும் வெள்ளைத் தாள். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தேன். பாட்டு நின்றது. அப்பாடா என்று நிமிர்ந்தால்... என் விண்ணப்பமும் இல்லை.

அதுவும் ஒரு வெள்ளைத் தாள்தான்.

மணி நாலு இருபது. போனில் நைனா, "இன்னாம்மா, பாட்டு நின்னுச்சா? மேல சொல்லட்டா?" என்கிறார். ரவி அண்ணாவைக் கூப்பிட்டேன்.

ரவி அண்ணா வந்து பார்த்தார். "ஸ்பீக்கர் ஒயரப் புடுங்கினா முடிஞ்சிருக்குமேம்மா." அந்த நேரத்தில் சொல்லக்கூடிய பேச்சா அது?

மிச்சமிருந்த டேப்பைத் தொடப்போனேன். அவசரத்தில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்திவிட்டேன். ஒரு சின்னப் பட்டியல் விரிந்தது. அதில் ஒரு வரி... மூடிய டேப்பைத் திரும்பத் திறக்கவா என்ற பொருளில், ஆங்கிலத்தில்.

அழுத்தினேன். முதலில் அந்தப் பாட்டே திரும்ப வந்தது. ரவி அண்ணா இந்த முறை ஒயரைப் பிடுங்கினார். இன்னொரு முறை அழுத்தினேன். யாரோ தேடிய அரக்கோணம் ரயில் நேரம். மூன்றாவது முறை... என் பெயர். நைனா பெயர், விலாசம், எல்லாம் அடித்தது அடித்தபடியே. மார்க் பெட்டிகள் மட்டும் காலி.

"நைனா, முதல்ல இருந்து சொல்லு."

"ஆங்" என்றார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலு ஐம்பதுக்கு விண்ணப்ப எண் திரையில் வந்தது. சீட்டும் கிடைத்தது, படித்தும் முடித்தேன்.

அந்த சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நான் திருத்தணிக்கே மருமகளாக வந்துவிட்டேன். மகளுக்கு ஒன்றரை வயது. என் லேப்டாப்பில் எப்போதும் இருபது டேப் திறந்திருக்கும். காய்ச்சல் எத்தனை நாள் வரை இருக்கலாம்... அதையே வேறு வார்த்தையில் இன்னொரு தேடல்... சந்தேகத்துக்கு மூன்றாவதாக ஒன்று.

இப்போதெல்லாம் எந்த டேப் சத்தம் போடுகிறதோ அதன் மேல் குட்டியாக ஒரு ஸ்பீக்கர் படம் வருகிறது. அதைத் தட்டினால் போதும், அடங்கிவிடும். பாதி நிரப்பிய விண்ணப்பத்தை மூடப் போனால், நிஜமாகவே போகிறாயா என்று பல தளங்கள் கேட்கின்றன. யார் யோசித்து வைத்தார்களோ தெரியாது. என்னைப் போல ஒருத்தி திரையைப் பார்த்து விழித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்கும்.

இந்நேரத்துக்கு இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இன்று மத்தியானம். மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு இன்றுதான் மகள் அசந்து தூங்கினாள். தூங்கிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, முருகன் பாட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாய்ந்து போய் லேப்டாப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு டேப்பாக, இருபதையும். எதிலும் ஸ்பீக்கர் படம் இல்லை.

இந்த முறை நிஜமாகவே மலையில் இருந்துதான்.

ஜன்னலைச் சாத்த எழுந்தேன். போகிற வழியில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. பாட்டு பாட்டுக்கு ஓடுகிறது, அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

ஜன்னலைத் திறந்தே விட்டுவிட்டேன்.