குழந்தை அழும்வரை இருந்தவர்

அன்று நான் சொன்னது பொய் என்று அந்த நர்சம்மாவுக்குத் தெரிந்ததா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.

குழந்தைகளைத் தூங்கவைக்க அபின் கொடுப்பதைத் தடுக்க முனிசிபாலிட்டி அனுப்பியவர். வெயிலில் கறுத்த முகம். அழுகைச் சத்தமில்லாத வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். கணவர் மலேயாவில் இருக்க, தனியாகச் சமாளிக்க முடியாமல் அன்று மகனுக்குக் கடுகளவு கொடுத்திருந்தேன்.

உள்ளே வந்தவர் அவன் இமையை விலக்கிப் பார்த்தார். "குடுத்தீங்களா?"

"இல்லைங்க."

நோட்டில் எதுவும் எழுதவில்லை. குழந்தையை மடியில் போட்டு, உள்ளங்காலைச் சுண்டியபடி சாயங்காலம்வரை இருந்தார். அத்தனை நேரம் என்னோடு உட்கார்ந்தவர் அந்த வருஷம் வேறு யாருமில்லை. அவன் வீறிட்டதும் எழுந்தார்.

"அழுதுட்டான். இனிப் பயமில்ல, வாரேன் தாயி."

பிறகு அபினைத் தொடவில்லை. ஆனால் அவன் அயர்ந்து தூங்கினால் எழுப்பி அழவைத்துவிடுகிறேன். தூங்கவிடும் தைரியம் எப்படி வரும்? தெரிந்த தாய்மார்கள் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.