சகலையின் முழங்கால்

என் மனைவியின் தங்கை கணவரும் நானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முழங்கால் வலிக்காரர்கள் ஆனோம். எக்ஸ்ரே படங்களைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதுவரை அவரிடம் இருந்த எல்லாமே என்னிடம் இருந்ததைவிட ஒரு படி மேல்: கார், தலைமுடி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம். முழங்காலிலாவது சமமாகிவிட்டோம் என்று எனக்கு ஒரு திருப்தி.

தேனியில் நான் பார்க்கிற எலும்பு மருத்துவர் சிக்கனமானவர். மாத்திரை எழுதுவதற்கு முன்னால், ரத்த அழுத்தம் உண்டா, வயிற்றுப் புண் வந்திருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று குறுக்கு விசாரணை செய்தார். சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு வலிக்கும் வீக்கத்துக்கும் ஒரே ஒரு மாத்திரையை எழுதி, சாப்பாட்டுக்குப் பிறகு, தாங்க முடியாத நாளில் மட்டும் என்றார். எடையைக் குறைக்கச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி ஒன்றும் சொல்லிக்கொடுத்தார். நாற்காலியில் உட்காரச் சொல்வதற்கு ஒருவர் ஃபீஸ் வாங்கிவிட்டாரே என்றுதான் எனக்குத் தோன்றியது.

சகலை கம்பத்தில் வேறொருவரிடம் போனார். அடுத்த விசேஷத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மாமனார் வீடு கோம்பையில். அவர்கள் குலசாமிக்குக் கிடா வெட்டினால் முதல் பந்தி மாப்பிள்ளைகளுக்கு, ஜமுக்காளம் விரித்துத் தரையில். மாமனார் தன் கையால் ஈரல் வைப்பார். தரையில் உட்கார முடியாதவர்களுக்குப் பின்னால் நாற்காலி வரிசை. அதில் மாமனாரின் சித்தப்பா, பல் போன ஒரு பெரியம்மா, நான். ஈரல் எங்கள் வரிசைக்கு வந்து சேரும்போது வெறும் குழம்பாகியிருக்கும்.

"பெரிய மாப்ளைக்கு ஒரு ஸ்டூலப் போடுங்கப்பா. பாவம், முடியாதவுக," என்றார் மாமியார். அதோடு விட்டாரா? "சின்ன மாப்ளையும் அதே காலுதான், எப்பிடி உக்காந்திருக்காக பாரு."

அன்று கை கழுவும் இடத்தில் சகலையிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "என்ன மாத்திரை சகல அது?"

"அது எதுக்குண்ணே. எனக்குக் குடுத்தது ஒங்களுக்கு ஒத்துக்கிருமோ என்னமோ. ஒங்க டாக்டர்ட்டயே கேளுங்க."

நல்ல மனிதர் நல்ல விதமாகத்தான் சொன்னார். பொறாமைக்காரன் காதில் அது, நல்ல மாத்திரையை மறைக்கிறார் என்று விழுந்தது.

மாமியார் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. யார் மிச்சம் வைத்த மாத்திரையும் அதில் விழும். யாருக்கு எங்கே வலித்தாலும் அதிலிருந்து எடுப்பார்கள். கறிவேப்பிலை கேட்டு வருவதைப் போல, "அந்த மஞ்ச மாத்திர ஒண்ணு குடுங்க மதினி" என்று பக்கத்து வீட்டிலிருந்தும் வருவார்கள். அதில் கம்பத்து மருந்துக்கடைக் கவரோடு சகலையின் அட்டை கிடந்தது. பெரும்பகுதி பிரிக்கப்படாமலே இருந்தது. அவ்வளவு நல்ல மாத்திரையை ஏன் மிச்சம் வைத்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவருடைய காரையோ முடியையோ நான் எடுத்துக்கொள்ள முடியாது. இது என் சட்டைப் பைக்குள் அடங்கியது.

அடுத்த கிடா வெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் வெறும் வயிற்றில், வரக்காப்பியோடு, அவருடைய மாத்திரை. இரவில் என்னுடையது. நடுவில் வழக்கமான ரத்த அழுத்த மாத்திரை. முதல் இரண்டும் ஒரே வகை மருந்து என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரட்டைப் பலன் என்று மகிழ்ந்திருப்பேன். வலி போனது. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு சம்மணம் போட்டுப் பழகினேன். வயிறு எரிந்தது, ஊறுகாய் என்றேன். பாதம் வீங்கியது, புதுச் செருப்பு என்றேன். மலம் தார் போலக் கறுத்துப் போனது. வீட்டில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை இருந்தது. பழியை அதன் தலையில் போட்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சைக்கா பஞ்சம்?

கிடா வெட்டன்று ஜமுக்காளத்தில் சகலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாமனார் வாளியோடு வந்து நின்றார்.

"என்ன மாப்ள, கீழ உக்காந்துட்டீக."

"சரியாப் போச்சு மாமா."

ஈரல் விழுந்தது. எனக்கு முதலில், சகலைக்குப் பிறகு. அவரை நான் முந்திய ஒரே இடம் அதுதான். ஒரு வாய் எடுப்பதற்குள் இலை இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் எதுவும் தெரியவில்லை.

விழித்தபோது தேனி சாலையில், சகலையின் காரில், மனைவியின் மடியில் தலை. ஏசி அருமையாக வேலை செய்தது. அந்த நிலையிலும் அதைக் கவனித்தேன்.

மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர், வலி மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். டாக்டர் எழுதியது மட்டும்தான் என்றேன். அந்த நேரம் பார்த்து, மனைவி கழற்றிய சட்டையிலிருந்து அட்டை கீழே விழுந்தது. சகலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது என் அட்டையில்ல? நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னேன், டாக்டர் ஒடனே நிப்பாட்டச் சொல்லிட்டாக. அதான் டப்பாவுல போட்டேன்."

"அப்பறம் எப்பிடிக் கீழ உக்காந்தீக?"

"தெனமும் நாற்காலில உக்காந்து கால நீட்டி மடக்குறேண்ணே. எடையும் கொறச்சேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். "ஒங்க டாக்டரும் இதத்தான சொன்னாக."

மருத்துவர் அதற்குள் அட்டையையும் என் மருந்துச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். ஒரே வகையில் இரண்டு, அதுவும் வெறும் வயிற்றில். இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசிகிறது. ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்ததில் சிறுநீரகம் திணறுகிறது. மலம் கறுத்ததையும் திராட்சையையும் கேட்டுக் கேட்டு என்னிடமிருந்து வாங்கிவிட்டார். "கறுப்பாப் போச்சுன்னா அன்னைக்கே வரணும் சார். திராட்சைன்னு வீட்டுல இருந்தா எப்படி?" எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு ஈடாக ரத்தம் கொடுத்தவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறுநீரகம் தேறிவிட்டது. டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்துவிட்டு மனைவி அதில் பிஸ்கட் போட்டாள், ஊரே ஏமாந்தது. இனி எந்த வலி மாத்திரையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாதென்று எனக்கு உத்தரவு. தினமும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறேன்.

அடுத்த கிடா வெட்டில் பழையபடி பின்வரிசை. சித்தப்பா எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். இலை போடும் நேரத்தில் சகலை ஜமுக்காளத்தை விட்டு எழுந்து, ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே தனியா இருக்காகல்ல," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

"என்ன மனசு பாருங்க சின்ன மாப்ளைக்கு," என்றார் மாமியார். பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனார் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசைக்கே வந்தார். ஈரலை அவருக்கு வைத்துவிட்டு, எனக்கும் வைத்தார்.